செயல்திட்டக் கல்வி: வகுப்பறையில் ஒரு தொடக்கம்

கேட்டல், எழுதுதல், மனனம் செய்தல், ஒப்புவித்தல் என்னும் வட்டத்துள்ளேயே நம் வகுப்பறைகள் நெடுங்காலமாகச் சுழன்று வருகின்றன. ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை காணும் முயற்சியின் ஊடே பாடத்தைக் கற்பதே செயல்திட்டக் கல்வியாகும்.

இம்முறை புதியதன்று. 1896ஆம் ஆண்டில் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிறுவிய பள்ளியில் சமையல், நெசவு, தச்சு ஆகிய தொழில்களின் வாயிலாகச் சிறுவர்கள் பாடங்களைக் கற்றனர். அவரிடம் பயின்ற வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் 'செயல்திட்ட முறை' என்னும் பொருளில் கட்டுரை வரைந்து இக்கருத்தைப் பரப்பினார். நம் நாட்டில், 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டை அடுத்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தளித்தது.

ஆயின், இன்று பலவிடங்களில் செயல்திட்டம் என்பது கடையில் வாங்கிய படங்களை ஒட்டுவதாகவும், பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதுவதாகவும் சுருங்கிவிட்டது. விடை முன்னரே அச்சாகியுள்ள வினாவைக் கொடுத்தால் மாணவர் பார்த்தெழுதுவது இயல்பே. எனவே நூலில் முழுமையாக விடை கிடைக்காத வினாவைத் தேர்வதே முதற்படியாகும்.

தமிழ் வகுப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என நாற்றிசைக் காற்றின் பெயர்களை நாம் இலக்கியத்தில் பயில்கிறோம். கடலோர மக்களோ வாடை, கொண்டல் என்பவற்றோடு கச்சான், சோழகம் என்றும் வழங்குகின்றனர். 'நம் கடற்கரையில் காற்றுக்கு எத்தனை பெயர்கள் உள? ஒவ்வொன்றும் எத்திசையைக் குறிக்கிறது? எப்பருவத்தில் வீசுகிறது?' என்பது நல்லதொரு வினாவாகும். கடலில்லா ஊரினர் நெசவுச் சொற்களையோ உழவுச் சொற்களையோ எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு வாரங்கள் போதும். முதல் வாரத்தில் நால்வர் கொண்ட குழுக்களை அமைத்து, கேட்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், தொகுப்பவர் எனப் பணியைப் பகிர்ந்து வினாநிரலை ஆக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் முதியோரை அணுகி, அவர்தம் இசைவு பெற்று, சொல், பொருள், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். மூன்றாம் வாரத்தில் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிட வேண்டும். பேரகராதியில் இல்லாத ஒரு சொல் கிடைப்பினும், பொருள் வேறுபடும் ஒரு சொல் கிடைப்பினும் அது மாணவரின் சொந்தக் கண்டுபிடிப்பேயாகும். நான்காம் வாரத்தில் தொகுப்பை, சொற்களை வழங்கிய பெரியோர் முன்னிலையிலேயே படித்துக் காட்டித் திருத்தம் பெற வேண்டும்.

இதில் ஆசிரியர் வாளாவிருத்தல் ஆகாது. வாரந்தோறும் குறிப்பேட்டைப் பார்வையிட்டு, ஐயம் எழும் இடத்தில் வழிகாட்ட வேண்டும். அழகிய அட்டைக்கன்றி, கள ஏட்டிற்கும் திருத்திய படிக்கும் மதிப்பெண் வழங்குதல் வேண்டும்.

பாய்மரத்தை நம்பிக் கடலோடிய தலைமுறை அருகி வருகிறது. அவர்களைக் கேட்டறியும் வாய்ப்பு நெடுநாள் நீடிக்காது. பாடத்திட்டம் முழுவதும் மாறட்டும் எனக் காத்திராமல், வரும் பருவத்தில் ஒரு வகுப்பில், ஒரு வினாவோடு தொடங்குவோமாக.