பூச்சுக்கு அடியில்

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாதிரி வானூர்தியில் வேதியியலும் வரலாறும் கைவினையும் ஒன்றுகூடுகின்றன. அதன் பழைய வண்ணத்தைக் களைந்து மீட்டெடுப்பவர், எதைக் கரைக்க முடியும் என்பதை மட்டுமன்றி எதைக் கரைக்கக் கூடாது என்பதையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அவ்வேலையின் நுட்பங்களையும் அதனுள் எழும் கேள்வியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோளை வைத்தது. போரில் ஈடுபட்டிருந்த வானூர்திகளுள் 50 வகைகளைத் தேர்ந்து, வகைக்கு 10,000 வீதம் 5 இலட்சம் மாதிரிகளை மாணவர்கள் செய்துதர வேண்டும் என்பதே அது. வானில் தோன்றுவது நட்பு நாட்டு வானூர்தியா, பகைநாட்டு வானூர்தியா என்பதை நொடிப்பொழுதில் அறியும் பயிற்சி படைவீரர்களுக்குத் தேவைப்பட்டது. அச்சிட்ட படங்களைவிட, எப்பக்கமும் திருப்பிப் பார்க்கத்தக்க மாதிரிகள் அப்பயிற்சிக்கு உதவின. பள்ளிப் பட்டறைகளில் மாணவர்கள் மென்மரத்தைச் செதுக்கினர். வளைவுகளை அட்டை வார்ப்புருக்களை வைத்துச் சரிபார்த்தனர். இறுதியில் கருநிறம் பூசினர். எல்லா வகைக்கும் கருநிறமே பூசப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒளி நிறைந்த வானத்தின் பின்னணியில் தொலைவில் பறக்கும் ஊர்தியின் வண்ணம் தெரிவதில்லை. நிழலுரு மட்டுமே தெரியும்.

அம்மாதிரிகள் 72இல் ஒரு பங்கு என்னும் அளவில் அமைந்தன. உண்மை வானூர்தியின் 6 அடி, மாதிரியில் 1 அங்குலமாகச் சுருங்கும். 35 அடி தொலைவில் பிடித்துக் காட்டப்படும் மாதிரி, ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால் பறக்கும் உண்மை வானூர்தியின் அளவில் கண்ணுக்குத் தோன்றும். பிரிட்டனில் 1930களிலேயே இவ்வளவு பொழுதுபோக்கு மாதிரிகளுக்கு வழக்கமாகியிருந்தது. 1936இல் ‘ஃபிராக் பென்குயின்’ என்னும் பெயரில் அங்கு வெளிவந்த தொகுப்புகள் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் நெகிழியால் ஆனவை. போருக்குப் பின் பாலிஸ்டைரீன் நெகிழி அவ்விடத்தைப் பிடித்தது. 1950களில் ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் மலிவு விலையில் விற்ற தொகுப்புகளை வாங்கி, சிறுவர்கள் தாமே ஒட்டி வண்ணம் தீட்டினர். இன்று பழைய பெட்டிகளிலிருந்து வெளிவரும் மாதிரிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

பருமனின் கணக்கு

பழைய பூச்சை ஏன் களைய வேண்டும்? அதன் மேலேயே புதிதாகப் பூசிவிடலாமே என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தருகிறது. மாதிரியின்மீது படிந்துள்ள பழைய பூச்சுகளின் மொத்தப் பருமன் 0.1 மி.மீ. எனக் கொள்வோர், அதை 72ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். உண்மை வானூர்தியில் அது 7.2 மி.மீ. பருமனுள்ள பூச்சுக்கு ஒப்பாகும். ஸ்பிட்ஃபயர் போர் வானூர்தியின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். மாதிரியில் அது வெறும் 15.6 செ.மீ. அத்துணைச் சிறிய உருவில் தகடுகள் சேரும் கோடுகளும் தறையாணிகளின் தலைகளும் மயிரிழை அளவிலேயே வார்க்கப்பட்டிருக்கும். ஒரு பூச்சு கூடினாலும் அவை மறைந்துபோகும்.

கரைவதும் கரையாததும்

வண்ணம் களைவதில் உள்ள இடர், வண்ணமும் அதைத் தாங்கும் நெகிழியும் இரண்டுமே கரிமப் பொருள்கள் என்பதாகும். ஒன்றைக் கரைக்கும் நீர்மம் மற்றொன்றையும் கரைத்துவிடக்கூடும். அசிட்டோனோ, கடையில் விற்கும் வலிய தின்னரோ பட்டால் பாலிஸ்டைரீன் சில நொடிகளில் இளகி, விரல் பட்ட இடமெல்லாம் தடம் பதியும். மாதிரிகளை ஒட்டும் பசையும் இதே முறையில்தான் இயங்குகிறது. அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. எனவே, அப்பசையால் நன்கு ஒட்டிய பகுதியைப் பிரிப்பது பெரும்பாலும் உடைப்பதாகவே முடியும்.

ஆகவே, வண்ணம் எவ்வகையினது என்பதை முதலில் அறிய வேண்டும். அக்ரிலிக் வண்ணம், நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாவது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதை இளக்கும்; பாலிஸ்டைரீனைக் கரைக்காது. எனாமல் வண்ணத்தின் இயல்பு வேறு. அதிலுள்ள கரைப்பான் ஆவியான பின்னரும், அதன் அல்கைடு பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. வலைபோல் பின்னிக்கொண்ட அப்படலத்தைக் கரைத்த நீர்மமே பின்னர் அதை மீண்டும் கரைப்பதில்லை.

அதை உடைக்க வேறு வழி தேவை. அல்கைடு பிசின் எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. கொழுப்பைச் சோப்பாக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு, அதே வினையால் இப்பிணைப்புகளையும் அறுக்கிறது. அதனால்தான் அடுப்பு தூய்மையாக்கும் காரக் கலவைகளை மாதிரிக் கலைஞர்கள் இதற்குப் பயன்படுத்துகின்றனர். பாலிஸ்டைரீனின் முதுகெலும்பு கார்பன் - கார்பன் பிணைப்புகளால் ஆனது. காரம் தாக்குவதற்கு அங்கே எஸ்டர் இல்லை. வண்ணம் கழன்று விழ, நெகிழி அப்படியே நிற்கிறது.

ஆனால், இதே காரத்தில் 1936ஆம் ஆண்டு மாதிரியை இட்டால் நேர்வது என்ன? செல்லுலோஸ் அசிட்டேட்டும் ஓர் எஸ்டரே. வண்ணத்தோடு மாதிரியும் சிதையும். காலம் செல்லச் செல்லத் தானாகவே அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு வளைந்து முறுகும் இயல்பும் அந்நெகிழிக்கு உண்டு. பெட்டியைத் திறந்ததும் வீசும் புளிக்காடி மணம் அதன் அடையாளம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு மாதிரிகளுள் ஒன்றைக் காப்பாற்றும் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. மூக்கின் துணையையும் நாடுவது இத்தொழிலில் இழிவன்று.

பொறுமையின் வேலை

மீட்டெடுப்பு, நீர்மத்தைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாதிரியை எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து, சின்னங்கள் இருந்த இடங்களை அளந்து குறித்துக்கொள்வர். பின், வால் பகுதியின் அடியில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி வைத்துக் காத்திருப்பர். நெகிழி பிசுபிசுக்கவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த அடி. விமானி அறையின் ஒளி ஊடுருவும் மூடியை, கழற்ற இயலுமாயின், தனியே எடுத்துவிடுதல் நலம். ஆல்கஹால் பட்டாலும் அதில் நுண்விரிசல்கள் விழும் இடருண்டு.

காரத்தைக் கையாளும்போது கையுறையும் கண்காப்பும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மாணவர் தனித்துச் செய்யத்தக்க வேலையன்று இது. அலுமினியக் கலத்தில் அதை ஊற்றுதலும் ஆகாது. ஹைட்ரஜன் வளிமம் வெளிப்படும். மூடியுள்ள நெகிழிக் கலமே ஏற்றது. வண்ணம் சுருங்கி மேலெழுந்ததும் மாதிரியை நீரில் அலசி, மெல்லிய பல்துலக்கியால் கோடுகளின் போக்கிலேயே தேய்ப்பர். பள்ளங்களில் தங்கியதை எடுக்கக் கூராக்கிய மூங்கில் குச்சி போதும். ஊசியால் கீறினால் நெகிழியில் விழும் தடம் புதிய பூச்சுக்குப் பின்னும் காட்டிக்கொடுக்கும்.

இடைவெளிகளில் மக்கு இட்டு, காய்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்வர். 400 எண் தாளில் தொடங்கி 1000 எண்ணுக்கு மேல் செல்வது வழக்கம். உடைந்துபோன வானலைக் கம்பிக்கு மாற்றுச் செய்யும் முறை அழகானது. உதிரிப் பாகங்களைத் தாங்கி நிற்கும் நெகிழிச் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் காட்டி, இளகியதும் இரு முனையையும் இழுத்தால் மயிரிழை போன்ற நூல் கிடைக்கும். எவ்வளவு விரைவாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவு மெல்லியதாகும்.

புதிய வண்ணம் மெல்லிய பல பூச்சுகளாக ஏற வேண்டும். நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலங்களைப் பளபளப்பான பூச்சின்மேல்தான் ஒட்டுவர். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் சிக்கும் காற்று வெள்ளிபோல் மின்னும்.

களையக் கூடாதது

இவ்வளவு திறமும் கைவந்த பிறகுதான் கடினமான கேள்வி எழுகிறது. லண்டனில் உள்ள அரச வான்படை அருங்காட்சியகத்தில் ஹாலிஃபாக்ஸ் வகைக் குண்டுவீச்சு வானூர்தி ஒன்று உள்ளது. 1942 ஏப்ரலில் நார்வே நாட்டின் உறைந்த ஏரியில் இறங்கி, பின் மூழ்கிய அதை 1973இல் மீட்டனர். அது புதுப்பிக்கப்படாமல், பெருமளவு கிடைத்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. புதுவண்ணம் பூசியிருந்தால் அதன் தோற்றம் மீண்டிருக்கும். நீருக்கடியில் கழிந்த காலத்தின் சான்று மறைந்திருக்கும்.

மாணவர்கள் செய்த கரிய மர மாதிரிகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். அத்தகைய ஒன்றன்மீது பின்னாளில் யாரோ வெள்ளி வண்ணமும் சின்னங்களும் தீட்டியிருந்தால், மேற்பூச்சு மட்டுமே களையத்தக்கது. அடியிலுள்ள கருநிறப் பூச்சு, தூரிகைத் தடத்தோடும், ஒருவேளை காயுமுன் தொட்ட விரல் தடத்தோடும், பதினாறு அகவை மாணவர் ஒருவரின் கையெழுத்துக்கு நிகரானது. அதைக் கரைத்துவிட்டு எவ்வளவு செம்மையாகக் கருநிறம் பூசினாலும், எஞ்சுவது புதியவர் ஒருவரின் மாதிரியே. எனவே இங்கே காரமும் இல்லை, ஊறவைத்தலும் இல்லை. நீர்மத்தில் ஊறினால் மர இழைகள் உப்பும். பழைய வச்சிரப் பசை விட்டுப்போகும். உருப்பெருக்கியின் அடியில், சிறு பஞ்சுக்குச்சியும் மழுங்கிய கத்தியும் கொண்டு, நக அளவு பரப்பாக மேற்பூச்சை எடுத்துச் செல்கின்றனர். சில சதுர அங்குலத்துக்கு ஒரு நாள் முழுதும் செல்வதுண்டு.

புதிதாக வண்ணம் தொட நேரும் இடங்களில், முதலில் எளிதில் கரையும் வார்னிஷ் ஒன்றைத் தடுப்பாகப் பூசுகின்றனர். பின்னால் வருபவர் விரும்பினால் மேலுள்ளதை மட்டும் நீக்கிக்கொள்ள அது இடந்தரும். முழுமையாக வண்ணம் மாற்றப்படும் மாதிரியில்கூட, இறக்கையின் அடிப்புறத்தில் சிறு சதுரம் ஒன்றைத் தொடாமல் விட்டுவைப்போர் உண்டு. பழைய அடுக்குகள் யாவும் வரிசை மாறாமல் அச்சதுரத்துக்குள் இருக்கும்.