பேட்டரி மேல் போட்ட பழி

ராஜபாளையம்

அன்பு மருமகனுக்கு,

காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை, ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும்தான் வருகிறது, புதுப் பேட்டரிக்குப் பணம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். பணம் தருகிறேன். ஆனால் போன வருஷம்தான் ஒன்று போட்டாய் என்று அக்கா சொன்னாள். மூன்று, நான்கு வருஷம் ஓட வேண்டிய பேட்டரி ஒரே வருஷத்தில் செத்தது என்றால், கொன்றது யார் என்று பார்க்காமல் அடுத்ததை வாங்கி வைக்கக் கூடாது. எனக்குச் சந்தேகம் எர்த் ஒயர் மேல்.

பிளஸ் ஒயரை எல்லாரும் பார்க்கிறார்கள். கரண்ட் திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. பிளவக்கல் அணையில் திறந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் அதோடு கணக்கு முடிந்தது. கரண்ட் அப்படியில்லை, போனது அத்தனையும் பேட்டரி மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். வண்டியில் அந்த வழி இன்ஜினும் சேஸும் பாடியும்தான். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதற்காகத்தான் இன்ஜினிலிருந்து சேஸுக்கோ பேட்டரிக்கோ தடித்த ஒயர் அல்லது செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். பதினைந்து வருஷம் ஓடிய வண்டி, ஏற்றுவது தேங்காய். ஐப்பசி மழையில் நனைந்த மட்டைத் தூசி சேஸ் இடுக்கில் அடைந்து ஈரம் காயாமல் கிடக்கும். அங்கே இருக்கிற போல்ட் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

மீட்டரில் ‘பீப்’ சத்தம் வருகிறது, ஒயர் நல்லாத்தான் இருக்கிறது என்று உன் எலக்ட்ரீஷியன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சத்தத்தை நம்பாதே. நூறு இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ‘பீப்’ வரும், சின்ன பல்பும் எரியும். டீசல் இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வை. எர்த் வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால்கூட 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டவே காட்டாது. ஆகவே ஓம் வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டைப் பார்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரியை அள. 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய அதே ஈயமும் அமிலமும்தான் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6. மீட்டர் 12.2 காட்டினால் பாதிச் சார்ஜ்தான் என்று எடுத்துக்கொள். அப்படியானால் முதலில் சார்ஜ் ஏற்று. காலிப் பேட்டரியை வைத்துச் செய்கிற சோதனை எல்லாம் வீண்.

அடுத்ததுதான் முக்கியம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு அக்காவைச் சாவி போடச் சொல். (அக்கா முனகும், பரவாயில்லை.) இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்திருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலின் ஈயக் குமிழிலேயே வை. மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் வைக்காதே. சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல். 0.2, 0.3 என்று காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அகப்பட்டான். பிறகு சிவப்பு முனையைக் கிளாம்ப், லக், போல்ட் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் செல்ஃப் அடி. எண் எந்த இடத்தில் திடீரென்று ஏறுகிறதோ அந்த இணைப்புதான் குற்றவாளி.

கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ செல்ஃப் அடித்த பிறகு சுடுகிறதா என்றும் தொட்டுப் பார். எர்த் அற்றுப்போனால் கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். சில வண்டியில் கேபிள் உருகிக்கூடப் போகும்.

பேட்டரி சீக்கிரம் செத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டைனமோவும் அதே இன்ஜின் உடம்பு வழியாகத்தான் சார்ஜ் கொடுக்கிறது. அங்கே 14.2 வோல்ட் கிளம்பினாலும் பேட்டரிக்கு 13.5 வந்தால், அது என்றைக்கும் முழுசாக நிரம்பாது. தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும்.

கழற்றும்போது மோதிரத்தைக் கழற்றி வை. பீடி பிடிக்கிறவர் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மைனஸை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. போல்ட் உட்காருகிற இடத்தை இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய். முறுக்கி இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவு. ஒயரின் ரப்பருக்குள்ளே பச்சை பூத்திருந்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருக்காதே, அதே தடிமனில் புதுசு போடு. ஒரு பேட்டரி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

எல்லாம் மாட்டியதும் மூன்று எண் எழுதி அனுப்பு: காலையில் நின்ற வண்டியில் எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எவ்வளவு, இன்ஜின் ஓடும்போது எவ்வளவு. அதைப் பார்த்துவிட்டு, செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டுமா, பேட்டரிதான் போயிற்றா என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா