தட்டினால் திறக்கும் வேதாகமம்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வாக்குத்தத்த வசனங்களில் யோபு 8:7க்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. தொடக்கம் சின்னதாக இருந்தாலும் கடைசியில் பெருகிவிடும் என்பது அதன் கருத்து. செல்பேசியில் இலவச வேதாகமச் செயலி இருந்தால், அந்த வசனத்தை ஒரு பூப்படத்தின் மேல் ஏற்றிப் பத்துப் பேருக்கு அனுப்ப அரை நிமிடம் போதும். ஆனால் அதே திரையில் ஆறு வசனம் மேலே போனால் பேசுகிறவர் யார் என்று தெரியும். அவர் யோபுவின் நண்பர் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்கிற தொனியில் பேசிவிட்டு, அந்த மூச்சிலேயே இந்த ஆறுதலையும் சொல்கிறார். 42:7க்குத் தாவினால், இந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபித்துக்கொள்கிறார். நாம் வாக்குத்தத்தமாக அனுப்பியது பில்தாத்தின் வாய்ச்சொல்.

இதற்குச் செயலியைக் குறை சொல்ல முடியாது. வாக்குத்தத்த அட்டைகள் செல்பேசிக்கு மூத்தவை. வசனத்தை அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுக்கவும் உதவுகிறது, அந்த வசனம் எங்கே பொருந்தியிருந்தது என்று காட்டவும் உதவுகிறது, ஒரே செயலி. என் அனுபவத்தில், கேட்ட பிரசங்கத்தையும் நாமே பிடித்து வைத்திருக்கும் கருத்தையும் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் இலவசச் செயலி உருப்படியாகப் பயன்படும். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அவர்களிடம் தோல்சுருளோ பாப்பிரஸ் சுருளோதான் இருந்திருக்கும். ஓர் இடத்தைத் தேட எத்தனை முழம் சுருட்ட வேண்டியிருந்ததோ. நமக்கு ஒரு தட்டு. அதனால் முதல் வேலையாக அன்றாட வசன அறிவிப்பை அணைத்துவிடச் சொல்வேன். அது இருக்கும்வரை செயலி தேர்ந்து கொடுப்பதைத்தான் வாசிப்போம்.

தமிழில் தேடும்போது ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். ‘விசுவாசம்’ என்று முழுச் சொல்லைத் தட்டச்சு செய்தால் ‘விசுவாசத்தினால்’, ‘விசுவாசிக்கிறவன்’ எல்லாம் தப்பிப் போகும். தமிழ்ச் சொல் வேற்றுமைக்கும் வினைக்கும் ஏற்ப வால் மாறும். அந்த மாற்றத்தைப் பல செயலிகள் அறியா. ‘விசுவாச’ என்று வாலை வெட்டிவிட்டுத் தேடிப் பாருங்கள். ‘அன்பு’ வேண்டுமானால் ‘அன்ப’ போதும். எந்த மொழிபெயர்ப்பில் தேடுகிறோம் என்பதும் முக்கியம். ஹென்றி பவர் தலைமையிலான திருத்தத்தில் 1871ல் வெளிவந்த பழைய திருப்புதலில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு; 1995ல் வந்த திருவிவிலியத்தில் அருள், நம்பிக்கை, மீட்பு. ஒன்றின் சொல்லை மற்றொன்றில் தேடிவிட்டு, வேதத்தில் இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கத்தோலிக்க வாசகர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பல சிறு செயலிகளில் 66 நூல்கள்தான் இருக்கும், தோபித்தும் சீராக்கும் மக்கபேயரும் சேர்ந்த 73 கிடைக்காது.

அடுத்த படி மூலமொழி. புளூ லெட்டர் பைபிள், கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸிலிருந்து வரும் ஸ்டெப் பைபிள் போன்றவை இலவசம். ஆங்கில வசனத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அதன் எபிரெய அல்லது கிரேக்க மூலமும், ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890ல் வெளியிட்ட ஒத்தவாக்கியத்தின் எண்ணும் வரும். இங்கேதான் பெரியவர்கள் நியாயமாக ஒன்று கேட்பார்கள்: கிரேக்கம் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவன் கையில் கிரேக்க அகராதி எதற்கு, அரைகுறை அறிவு ஆபத்தாயிற்றே? ஆபத்துதான். ஆனால் அந்த அரைகுறை ஏற்கெனவே பிரசங்க மேடை ஏறிவிட்டது. ரோமர் 1:16ல் வரும் ‘பெலன்’ கிரேக்கத்தில் துனாமிஸ், அதிலிருந்துதான் டைனமைட், ஆகவே சுவிசேஷம் வெடிமருந்து என்று முழங்கும் பிரசங்கம் பலருக்கும் பழக்கமானதுதான். ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867ல். பவுலுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இதை மறுக்க அகராதி விளக்கம்கூட வேண்டாம். அந்தச் சொல்லின் எண் 1411. அதைத் தட்டினால் அது வரும் இடங்களெல்லாம் வரிசையாக நிற்கும். அவற்றில் மத்தேயு 25:15 ஒன்று: எஜமான் தாலந்துகளை அவனவன் ‘துனாமிஸ்’படி பகிர்ந்து கொடுக்கிறான். அங்கே அது வெறும் திறமை. 2 கொரிந்தியர் 12:9 இன்னொன்று: அதே துனாமிஸ் பலவீனத்தில் நிறைவடைகிறது. வெடிச்சத்தம் எங்கும் இல்லை.

ஆகவே அரைகுறைக்கு மருந்தும் அதே செயலியில் இருக்கிறது. அகராதியின் விளக்கத்தில் நிற்காமல் அதன் கீழே இருக்கும் வசனப் பட்டியலுக்கு இறங்கிவிட வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கும் இதுவே வழி. பட்டியலில் தேவைப்படுவது அதிகார எண்ணும் வசன எண்ணும்தான். அவற்றைத் தமிழில் திறந்து கொள்ளலாம். யோவான் 21ல் பேதுருவிடம் இயேசு மூன்று முறை கேட்கும் இடத்தைப் பாருங்கள். கிரேக்கத்தில் அகபாவோ, பிலேயோ என்று இரண்டு வினைகள். ஆங்கில கிங் ஜேம்ஸ் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறது. நம் பழைய திருப்புதலோ அன்பாயிருத்தல், நேசித்தல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. தமிழ் வாசகர் இந்த இடத்தில் கிரேக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டவே நிற்கிறார். அதற்காக, அகபாவோ என்றால் தெய்வீக அன்பு, பிலேயோ என்றால் மனித நட்பு என்று கோடு கிழிக்கும் அவசரம் வேண்டாம். பட்டியலில் இறங்கினால் தேமா இவ்வுலகத்தின் மேல் ஆசை வைத்ததும் (2 தீமோத்தேயு 4:10), மனிதர் இருளை விரும்பியதும் (யோவான் 3:19) அகபாவோதான். பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதை யோவான் 3:35 அகபாவோ என்கிறது, 5:20 பிலேயோ என்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் விளக்கவுரைகளின் வயதையும் மறக்கக் கூடாது. அவற்றில் பல, பதிப்புரிமை காலாவதியானதால் இலவசமானவை. மத்தேயு ஹென்றி இறந்தது 1714ல். அதுவும் ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரையிலான பகுதி அவருக்குப் பிறகு வேறு போதகர்கள் எழுதி முடித்தது. பக்திக்கு அவரைப் படிக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் 1947ல் கண்டெடுக்கத் தொடங்கிய சாக்கடல் சுருள்கள் பற்றி அவரிடமும் கேட்க முடியாது, ஸ்ட்ராங்கிடமும் கேட்க முடியாது. கையெழுத்துப் பிரதிகளுக்கும் வயது உண்டு; அது தெரியாததால்தான், புதிய மொழிபெயர்ப்புகள் வசனங்களைத் திருடிவிட்டன என்னும் செய்தி பார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கிறது. அப்போஸ்தலர் 8ல் பல புதிய மொழிபெயர்ப்புகள் 36லிருந்து 38க்குத் தாவும் என்பது உண்மைதான். வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் 1551ல் போட்டபோது அவர் கையிலிருந்த கிரேக்கப் பாடத்தில் 37 இருந்தது. பிற்பாடு கிடைத்த மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. வசனம் அடிக்குறிப்புக்கு இறங்கியது; எண் மட்டும் காலியாக நின்றது. இரண்டு மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் இந்தக் கேள்வியே எழும். எழட்டும்.

செல்பேசி கவனத்தைக் கலைக்கும் என்ற புகாரை நான் மறுக்க மாட்டேன். சங்கீதத்தின் நடுவில் மின்கட்டண நினைவூட்டல் வந்து நிற்கும். வேண்டிய மொழிபெயர்ப்பைத் தரவிறக்கிக்கொண்டு விமான நிலைக்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். விளம்பரம் ஓடும் சிறு செயலி தொடர்புப் பட்டியலுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். லேவியராகமம் வாசிக்க உங்கள் மைத்துனரின் எண் எதற்கு? அமெரிக்காவின் லைஃப் சர்ச் 2008ல் தொடங்கிய யூவெர்ஷன் போல, நன்கொடையில் நடக்கும் விளம்பரமற்ற செயலிகள் இருக்கின்றன. ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க இன்னமும் அச்சுப் புத்தகம்தான் மேல். இடது பக்கத்தின் அடியில் பார்த்தோம் என்னும் நினைவைத் திரை தருவதில்லை. வாசிப்பது புத்தகத்தில், விசாரிப்பது செயலியில் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இரண்டுக்கும் சண்டை இல்லை.

அடுத்த முறை வாக்குத்தத்த வசனம் ஒன்று வந்தால், மற்றவருக்குத் தள்ளிவிடும் முன் அந்த அதிகாரத்தின் முதல் வசனம்வரை ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள். யோபு எட்டாம் அதிகாரத்தில் மொத்தமே 22 வசனங்கள்தான்.