தேக்கும் பிரம்பும்

கேள்வி: தாத்தா விட்டுப்போன தேக்கு, பிரம்பு நாற்காலி ஒன்று வீட்டில் இருக்கிறது. "சண்டிகர் நாற்காலி போல இருக்கிறதே, லட்சக்கணக்கில் போகும்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், இராசிபுரம்

பதில்: தேக்கும் பிரம்பும் மட்டும் சான்றாகாது. சண்டிகர் நாற்காலியை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான பியர் ஜான்னரே (1896–1967). கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் உறவினர். பாரிசில் அவரோடு நெடுங்காலம் பணியாற்றியவர். 1951இல் சண்டிகரை நிர்மாணிக்க வந்தார். கொர்பூசியே வந்து வந்து போனார். ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கினார். புது நகரின் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் மலிவான, உறுதியான சாமான்கள் தேவைப்பட்டன. உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டே செய்வித்தார். அவர் இறந்தபின், விரும்பியபடியே அவரது அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

பின்னாளில் பழுதான நாற்காலிகள் கழிவுப் பொருளாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சீராக்கிப் பெருவிலைக்கு விற்றார்கள். 2011இல் உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவோ ஏற்றுமதி செய்யவோ தடை விதித்தது.

தலைகீழ் 'வி' போன்ற கால்களும், முதுகில் பெயிண்டால் எழுதிய அலுவலக எழுத்தும் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அவையும் போலியாக இருக்கலாம். விற்க நினைத்தால், இந்தத் தடையையும் மனதில் கொண்டு முதலில் அறிந்தவரிடம் காட்டுங்கள். பழைய மெருகைச் சுரண்டாதீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மேற்கு வெயில் நேரே படாமல் வையுங்கள். காய்ந்தால் பிரம்பு முறியும். அறுந்த பின்னலைப் பிரம்பு பின்னுபவரிடமே கொடுங்கள். விலை வராவிட்டாலும், தாத்தா உட்கார்ந்த நாற்காலியில் பேரப்பிள்ளைகள் உட்காரட்டும்.