போட்டோக்களை அழித்தால் வேகம் கூடுமா?

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் ஆன் ஆகவே நேரம் பிடிக்கிறது. போட்டோக்களை அழித்துவிடலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: போட்டோக்களில் கை வைக்காதீர்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் அதில் கொள்ளாததைச் சி டிரைவில்தான் தற்காலிகமாக எழுதிவைக்கும். அங்கே இடமில்லாவிட்டால் திணறும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ திறந்தால், பழைய அப்டேட் மிச்சம், ரீசைக்கிள் பின் குப்பை எல்லாம் அளவோடு தெரியும். அழித்துவிடுங்கள். ‘டவுன்லோட்ஸ்’ டிக் ஆகியிருந்தால் மட்டும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். மார்க் ஷீட், ஹால் டிக்கெட் பிடிஎஃப் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும்.

ஆனால் 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் பழைய லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். டிரைவ் பாதி காலியாக இருந்தும் இழுக்கிறதென்றால், குறை இடத்தில் இல்லை, மெதுவான அந்த டிஸ்க்கில்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாற்றுங்கள். அதற்கு முன் போட்டோக்களைப் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.