போர்வீரரின் இடைவாரும் அதன் பூட்டும்

பழம்பொருள் சேர்த்தல் வீண் பொழுதுபோக்கு என்பர் சிலர். செவ்வனே செய்யின் அது சரித்திரக் கல்வியின் ஒரு பகுதியேயாம். நாணயங்கொண்டு மன்னர் வரலாற்றை அறிதல்போல, ஜெர்மானியப் போர்வீரர் அணிந்த தோல் இடைவாரின் பூட்டைக்கொண்டு அந்நாட்டு வரலாற்றை ஒருவாறு அறியலாகும்.

1871-இல் ஜெர்மானியப் பேரரசு அமைந்தபின்னும், அதன் உட்பட்ட அரசுகள் தத்தம் பூட்டுகளையும் பொறிகளையும் விடவில்லை. பிரஷ்யர் பூட்டில் முடியும், ‘கடவுள் நம்முடன்’ என்னும் வாசகமும் காணப்படும். பவேரியர் ‘விசுவாசத்தில் உறுதி’ எனவும், வூர்ட்டம்பர்க்கு நாட்டார் ‘அச்சமின்மையும் விசுவாசமும்’ எனவும் பொறித்தனர். சாக்ஸனியர் வாசகமோ இலத்தீன் மொழியிலமைந்தது. ‘தெய்வ பராமரிப்பை நினைந்து’ என்பது அதன் பொருள்.

1914-இல் மூண்ட பெரும்போரில் பித்தளை அரிதாயிற்று. ஆகவே எஃகுத் தகட்டாற் பூட்டுச் செய்து சாம்பல்நிற வர்ணம் பூசினர். தோலாலாகிய கூர்முனைத் தலைச்சீராவும் 1916 முதல் எஃகுச் சீராவுக்கு இடங்கொடுத்தது. நாட்டின் வறுமையை ஏடுகள் மறைப்பினும் இப்பொருள்கள் மறையா.

1918-இல் முடியாட்சி வீழ்ந்தது. பூட்டினின்று முடியும் மறைந்து கழுகு தோன்றிற்று. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தபின் தரைப்படையின் பூட்டில் கழுகின் காலடியில் சுவஸ்திகம் புகுந்தது. வாசகமோ மாறவில்லை.

இவற்றைச் சேர்ப்போர் கருதவேண்டுவன சில உள. பூட்டின் பின்னுள்ள தோல் நாவிற் செய்தோன் பெயரும் ஆண்டும் பதிந்திருத்தல் உண்டு. அவை பூட்டின் உலோகத்தோடும் அமைப்போடும் பொருந்துகின்றனவா என நோக்குக. நெடுநாள் அணிந்த வார், கொளுவுமிடத்தில் மடிந்து தேய்ந்திருக்கும். எங்கும் ஒருபடித்தாய்த் தேய்ந்ததை ஐயுறுக. தோலிலுள்ள கொழுப்பும் செம்பு கலந்த உலோகமும் கூடுமிடத்துப் பச்சைக் களிம்பு படியும். அதனை மெல்லத் துடைத்தகற்றுக. எண்ணெய் மிகப் பூசுதலும், வெயிலில் இடுதலும், ஈரத்தில் வைத்தலும் தோலுக்குக் கேடாம். சுவஸ்திகப் பொறியை வெளிப்படக் காட்டுதல் ஜெர்மனியிற் குற்றம். கல்வி, ஆராய்ச்சி முதலியன பற்றியே விலக்குண்டு.

மாணவரீர்! ‘கடவுள் நம்முடன்’ என்பது இம்மானுவேல் என்னும் திருநாமத்தின் பொருளன்றோ? அச்சொல்லை அரையிற் கட்டியே அயல்நாடுகளை அழிக்கவும் சென்றனர். உலோகத்திற் பொறித்த வாசகம் அணிந்தவனது நெஞ்சிற்குச் சான்றாகாது. கடவுள் நம்முடன் உளரோ என்று கேட்குமுன், நாம் அவருடன் உள்ளோமோ என்று கேட்டல் நன்று. பழைய இடைவார் ஒன்று கற்பிக்கும் பாடம் இதுவே.