இறங்கிய மடல்கள் மீண்டும் ஏறுமா?

அயல்நாட்டிலுள்ள தந்தையின் மின்னஞ்சல்களைக் கணினியிலுள்ள தண்டர்பேர்டில் இறக்குகிறோம். பிறகு இணையத்தில் பார்த்தால் பெட்டி வெறுமை! மடல்கள் அழிந்தனவோ? இல்லை, இடம் மாறின.

பாப் என்னும் முறை, தபால் நிலையத்திலிருந்து கடிதங்களை வீட்டிற்கு எடுத்துவருவது போன்றது. சேவையகத்தில் நகலை விட்டுவைக்கும்படி குறிக்காவிடில், அங்கே ஒன்றும் மிஞ்சாது. 1986-இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமேப் முறையோ, மடல்களைச் சேவையகத்திலேயே வைத்துக் காட்டும்.

ஆகவே மீட்கும் வழியைக் காண்போம். கணினியிலுள்ளதே ஒரே பிரதியாக இருக்கலாம். பழைய கணக்கை நீக்கலாகாது. முதலில், நகலை விட்டுவைக்குமாறு குறிப்போம். அதே முகவரியை ஐமேப் கணக்காகவும் சேர்த்து, அதில் புதிய கோப்புறை அமைத்து, மடல்களை அதில் நகலெடுப்போம். அவை சேவையகத்திற்கு ஏறும். இணையத்தில் கண்டு உறுதிசெய்வோம்.

அவசரமாக அழிப்பதைவிடப் பொறுமையாகப் பாதுகாப்பதே அறிவுடைமையன்றோ!